எவ்வளவு பெரிய நீலம்?

உள்ளூர் வானொலி நிலையம் ஒன்றில் பதினோரு வருஷம் வாராவாரம் அரை மணி நேரம் கலை விமர்சனம் பேசியிருக்கிறேன் என்று போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் தங்கள் நிலையத்தில் இப்படியொரு நிகழ்ச்சி தொடங்கப்போகிறவர்கள். மீதிப் பேர், ஏற்கெனவே தொடங்கியவர்கள் மேல் கோபமாக இருப்பவர்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஓவியக் கண்காட்சியை வானொலியில் விமர்சிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஊமைப்படம் பார்க்கிற மாதிரி இல்லையா?

பதில்: முதல் இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். நாடகம், புத்தகம், கச்சேரி என்று ஓட்டிவிட்டுக் கண்காட்சிகளைத் தட்டிக்கழித்தேன். ஒரு வாரம் வேறு எதுவும் கிடைக்காமல் ஒன்றைப் பேச வேண்டி வந்தது. "வண்ணங்களின் கவிதை", "நீலத்தின் ஆழ்ந்த மௌனம்" என்று அடித்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத்துக்கு ஒரு போன். நடுவயதில் பார்வை போன ஒரு நேயர். "நீலம் நீலம்னு சொன்னீங்களே, எவ்வளவு பெரிய நீலம்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றிருக்கிறேன், அது கையகலமா கதவகலமா என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் நோட்டோடு திரும்பப் போனேன். படம் கதவில் பாதி உயரம். இரண்டு கையையும் விரித்தால் விரல்நுனி சட்டத்தின் இரண்டு ஓரத்தையும் தொடும். கீழே முக்கால்வாசியும் நீலம், ஆனால் ஒரே நீலம் இல்லை. இடது ஓரத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்தாற்போல் வெளுத்திருந்தது. வலப்பக்கம் போகப் போகக் கெட்டியாகி, மூலையில் பெயின்ட் திட்டுத்திட்டாகக் காய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் தன் நிழல் தன் மேலேயே விழும் அளவுக்கு மேடிட்டிருந்தது. நடுவில் ஒரு நாற்காலி. அதற்கு மூன்று கால்தான். நாலாவது கால் இருக்க வேண்டிய இடத்தில் ஓவியர் நீலத்தைச் சுரண்டி எடுத்திருந்தார். அடியில் இருந்த கித்தான் தெரிந்தது. முதல் நாள் அந்தக் கால் என் கண்ணிலேயே படவில்லை. ஆனால் "மௌனம்" என்று எனக்குத் தோன்றியது அந்தச் சுரண்டிய இடத்தால்தான் என்று அப்போது புரிந்தது. காரணத்தை விட்டுவிட்டு அதன் விளைவை மட்டும் பெரிய வார்த்தையில் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் அந்த நேயருக்கு நன்றி சொல்லிவிட்டு, இதை மட்டும் ஒன்றரை நிமிஷம் சொன்னேன். என் அபிப்பிராயம் ஒரே வரி: அந்தக் காலைச் சுரண்டாமல் வரைந்து முடித்திருந்தால் இது நல்ல கைவேலை உள்ள சாதாரணப் படம். அன்றிலிருந்து என் வரிசை இதுதான். முதலில் அளவு, பிறகு கண் எங்கே போய் விழுகிறது, பிறகு பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா, அதற்கப்புறம்தான் வண்ணம். அபிப்பிராயம் கடைசியில். அளவைச் சென்டிமீட்டரில் சொல்லாதீர்கள், யார் மனசிலும் நிற்காது. முழம், சாண், கதவு, ஆள் உயரம் என்று உடம்பை வைத்துச் சொல்லுங்கள். கண்காட்சி அறைக்குப் போகும்போது ரெக்கார்டரை எடுத்துப் போய், யாரும் பேசாத அறைச் சத்தத்தை அரை நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். உயரமான கூரையும் வெறும் தரையும் உள்ள அறையில் காலடிச் சத்தத்தைக் கேட்டாலே அறை எவ்வளவு பெரியது என்று நேயருக்குப் பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: அரை மணி நேர நிகழ்ச்சியில் எத்தனை விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்?

பதில்: மூன்று. நாலாவதைத் திணித்த வாரமெல்லாம் வருத்தப்பட்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் எழுதும்போது ஒரு கணக்கு: நான் பேசும் வேகத்தில் நிமிஷத்துக்கு நூறு சொல், அதற்கு மேல் போனால் மூச்சு வாங்கும். ஆங்கிலத்தில் நிமிஷத்துக்கு நூற்றைம்பது என்பார்கள். அதை நம்பி எழுதாதீர்கள். அவர்கள் நாலு சொல்லில் சொல்வதை நாம் விகுதி மேல் விகுதி அடுக்கி ஒரே சொல்லில் சொல்கிறோம். "போய்க்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்" என்பதும் கணக்கில் ஒரு சொல்தான்.

கேள்வி: நிலையப் பொறுப்பாளர் "நல்ல தமிழில் படி" என்கிறார். நண்பர்கள் "செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: வலி ஓரிடம், இரண்டு பேரும் தைலம் தேய்ப்பது வேறிடம். சிக்கல் சொல்லில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. என் பழைய ஸ்கிரிப்டிலிருந்து ஒன்று, வெட்கத்தோடு தருகிறேன்:

"மூன்று ஆண்டு உழைப்பில் உருவாகி, பல மேடைகளில் பாராட்டுப் பெற்ற, முழுக்கப் புதுமுகங்களே பங்கேற்கும், ஒரேயொரு விளக்கை மட்டுமே பயன்படுத்தி அமைக்கப்பட்ட இந்த நாடகத்தை என்னால் ரசிக்க இயலவில்லை."

இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. அச்சில் படித்தால் புரியும், புரியாவிட்டால் கண் ஒரு வரி பின்னால் போய்வரும். காது பின்னால் போகாது. நேயர் உழைப்பு, பாராட்டு, புதுமுகம், விளக்கு என்று நாலு மூட்டையைச் சுமந்துகொண்டு, எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை நிற்கிறார். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. எனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது "இயலவில்லை" என்ற அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. அந்த நொடி பார்த்து வீட்டில் குழந்தை அழுதால் தீர்ந்தது. நான் நாடகத்தைப் புகழ்ந்ததாகவே அவர் நினைத்துக்கொள்வார். நினைத்தார்கள், ஒருவர் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டினார்.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: "எனக்கு இந்த நாடகம் பிடிக்கவில்லை. மூன்று வருஷம் உழைத்திருக்கிறார்கள், அது தெரிகிறது. நடிப்பவர்கள் எல்லாருமே புதுசு. மேடையில் ஒரே ஒரு விளக்கு. அந்த விளக்கில்தான் சிக்கலே." கடைசி வரியைக் கேட்டவர் என்ன சிக்கல் என்று காத்திருப்பார். இதில் "நல்ல தமிழ்" எங்கே குறைந்தது? "இருக்கிறது" என்று எழுதிக்கொள்ளுங்கள். படிக்கும்போது வாய் "இருக்கு" என்று போனால் போகட்டும், இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

இந்தச் சண்டை நம் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை. பிபிசி வானொலியில் 1927-இல் உரைகள் பிரிவுக்கு முதல் இயக்குநரானவர் ஹில்டா மாதிசன் என்ற பெண்மணி. அந்தக் காலத்தில் மைக்குக்கு முன்னால் வந்த அறிஞர்கள் பொதுக்கூட்டத்திலோ வகுப்பறையிலோ பேசுவது போலவே முழங்கினார்கள். கேட்கிறவர் கூட்டமாக இல்லை, வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், அவரோடு பேசுங்கள் என்று சொல்லி, பேச வந்தவர்களை உட்கார வைத்து ஒத்திகை பார்த்து, ஸ்கிரிப்டைத் திருத்தி அனுப்பியவர் இந்த மாதிசன். எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் புது நாவல்களைப் பற்றி வானொலியில் பேசியதும் இவர் காலத்தில்தான். உங்கள் பொறுப்பாளர் மறுபடி ஆட்சேபித்தால் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கேட்பார் என்று உத்தரவாதம் இல்லை, என் பொறுப்பாளர் கேட்கவில்லை.

கேள்வி: கதையின் முடிவைச் சொல்லலாமா?

பதில்: கூடாது. சகிக்க முடியாத முடிவாக இருந்தாலும் கூடாது.

கேள்வி: எங்கள் வட்டாரம் சின்னது. நாடகம் போட்டவர் என் நெருங்கிய நண்பரின் அண்ணன். சரியில்லை என்று சொன்னால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. நல்லா இருக்கு என்று சொன்னால் என் முகத்தில் நானே விழிக்க முடியாது. என்ன செய்வது?

பதில்: உள்ளூர் வானொலியின் மொத்தக் கஷ்டமும் இதுதான். பெரிய பத்திரிகையின் விமர்சகர் எழுதிப்போட்டுவிட்டுப் போய்விடுவார். நீங்கள் திட்டியவர் மறுநாள் காலை உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்.

முதல் வேலை, உறவை ஒலிபரப்பிலேயே சொல்லிவிடுவது. "இதை இயக்கியவர் என் நண்பரின் அண்ணன், எனக்கும் பழக்கம்" என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி. பிறகு நீங்கள் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் எவ்வளவு கழித்துக்கொள்வது என்று நேயருக்குத் தெரியும். சொல்லக் கூச்சமாக இருக்கிற அளவுக்கு நெருக்கமா? அந்த வாரம் அதை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, குறையை நேரம் குறித்துச் சொல்லுங்கள். "இரண்டாம் பாதி தொய்வு" என்பது குறையே இல்லை, அது கொட்டாவி. "இடைவேளைக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசும் காட்சியில், ஏற்கெனவே நமக்குத் தெரிந்த கடிதத்தை மறுபடி முழுக்கப் படிக்கிறார்கள்" என்றால் அது குறை. இயக்குநர் கோபப்படலாம், ஆனால் அடுத்த முறை அந்தக் கடிதத்தைச் சுருக்குவார். நான் பார்த்திருக்கிறேன்.

இந்த விதி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஒருமுறை நாடகம் நீண்டுவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எழுந்து போய்விட்டேன். முடிவு எப்படி என்று கூடப் போனவரிடம் போனில் கேட்டேன். "அவ்வளவா எடுபடல" என்றார். அதையே "முடிவு அவ்வளவாக எடுபடவில்லை" என்று ஒலிபரப்பினேன். இரண்டு நாள் கழித்து அந்த இயக்குநர் எதிரே வந்தார். திட்டவில்லை. "முடிவுல எந்த இடம் எடுபடலன்னு சொன்னீங்கன்னா மாத்திப் பாப்பேன்" என்று கேட்டார். வாயைத் திறக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வார நிகழ்ச்சியின் முதல் நிமிஷம் அந்த ஒப்புதல்தான். நிலையத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, பேர் கெட்டுவிடும் என்றார்கள்.

பின்னாளில் அமெரிக்காவின் பெரிய திரைப்பட விமர்சகராகப் பெயரெடுத்த பாலின் கேல் 1950-களில் பேசிப் பழகியது இப்படியொரு நிலையத்தில்தான். நேயர்கள் தரும் பணத்தில் நடப்பதற்காக 1949-இல் பெர்க்லியில் தொடங்கிய கேபிஎஃப்ஏ. அவருக்குச் சம்பளம் கிடையாது. நீங்களும் சம்பளம் இல்லாமல்தான் பேசுகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதிலும் ஒரு சௌகரியம் உண்டு. உங்களை வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று மிரட்ட யாராலும் முடியாது.

கேள்வி: பாட்டை விமர்சிக்கும்போது முப்பது வினாடி வரை போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வராது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அந்த முப்பது வினாடி விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரோ கிளப்பி விட்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும் கதை. இருப்பது இதுதான்: காப்புரிமைக்காக நாடுகள் சேர்ந்து 1886-இல் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையின் பத்தாம் விதி, ஏற்கெனவே முறையாக வெளிவந்த படைப்பிலிருந்து மேற்கோள் காட்டலாம் என்கிறது. நியாயமான வழக்கத்துக்கு உட்பட்டு, காரியத்துக்குத் தேவையான அளவு மட்டும், எங்கிருந்து எடுத்தது, யாருடையது என்று சொல்லி. நாட்டுக்கு நாடு சட்டம் இதை வெவ்வேறு வார்த்தையில் சொல்லும். நிலையம் இசை ஒலிபரப்ப வாங்கியிருக்கும் உரிமம் வேறு கணக்கு. நிலையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"காரியத்துக்குத் தேவையான அளவு" என்பதில் சட்டத்தை விட எனக்கு அக்கறை வேறு. துணுக்கைப் போடுவதற்கு முன்னால் காதுக்கு ஒரு வேலை கொடுங்கள். "பாடகர் மேலே போகும்போது வயலின் நின்றுவிடுகிறது, கவனியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போட்டால் பன்னிரண்டு வினாடி போதும். ஒன்றும் சொல்லாமல் போட்டால் ஒரு நிமிஷமும் போதாது. அது விமர்சனத்துக்கு நடுவே பாட்டுப் போட்டதாகத்தான் ஆகும்.

கேள்வி: தனியாகப் பேசுவதா, மூன்று பேரை உட்கார வைத்து விவாதிப்பதா?

பதில்: சண்டை போடத் தெரிந்த மூன்று பேர் கிடைத்தால் விவாதம். பிபிசியில் 1947 முதல் 1969 வரை "தி கிரிட்டிக்ஸ்" என்று ஒரு நிகழ்ச்சி ஓடியது, விமர்சகர்கள் வட்டமாக உட்கார்ந்து படம், நாடகம், புத்தகம் என்று ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர். ஆளுக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் அது விவாதம் இல்லை, முறைவைத்துப் பேசுவது. ஒரே மாதிரிக் குரல் உள்ள இருவரைச் சேர்க்காதீர்கள். யார் பேசுகிறார் என்று நேயருக்குக் குழம்பினால், என்ன பேசுகிறார் என்பதைக் கேட்க மாட்டார்.

கேள்வி: எல்லாரும் போனிலேயே நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். வானொலி விமர்சனத்தை இனி யார் கேட்பார்கள்?

பதில்: இதைப் பெரும்பாலும் ஒரு திருப்தியோடுதான் கேட்கிறீர்கள், தெரிகிறது. நட்சத்திரத்தை நானும் பார்க்கிறேன். எதைப் பார்க்கப் போவது என்று தீர்மானிக்க அது உதவும். ஆனால் என் வானொலி நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்களில் ஒரு பாதி, எதையுமே பார்க்கப் போக முடியாதவர்களுடையது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், இரவுக் காவல் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது சிபாரிசு இல்லை, அதுதான் நாடகம். "போன வாரம் நீங்க சொன்ன நாற்காலிப் படம் இன்னும் கண்ணுலயே நிக்குது" என்று ஒரு அம்மா எழுதினார். ஐந்தில் நாலு நட்சத்திரம் யார் கண்ணிலாவது நிற்குமா?

கேள்வி: நீங்கள் சொதப்பிய சொதப்பல்களில் பெரியது எது?

பதில்: பஸ் விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்தது ரெக்கார்டர். முப்பது வருஷமாக மேடைக்கு விளக்குப் போடும் ஒருவரை, யாரும் பேட்டி எடுக்காத மனிதர், கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். நாற்பது நிமிஷம் பேசினார். அழுகிற காட்சிக்கு விளக்கைக் குறைக்கக் கூடாது, கூட்டித்தான் வைக்க வேண்டும், அழுகிறவர் ஒளிய இடம் இருக்கக் கூடாது என்றார். கேட்டுக்கொண்டே ரெக்கார்டரைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. என் ரெக்கார்டரில் அது மின்னினால் தயார் என்று அர்த்தம். அணையாமல் எரிந்தால்தான் பதிவாகிறது. பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும், நான் ஒரு முறை அழுத்தியிருந்தேன். அவர் பெருந்தன்மையாக மறுபடி பேசினார். ஆனால் இரண்டாவது தடவை எல்லாமே ஒப்பித்த மாதிரி இருந்தது, அந்த அழுகைக் காட்சி வரவேயில்லை. கடைசியில் அவர் குரல் இல்லாமல், நடந்ததை நானே சொல்லி ஒலிபரப்பினேன். ஹெட்போன் மாட்டாமல் பேட்டி எடுக்காதீர்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். அடுத்த வாரம் என் முதல் விமர்சனம் நேரலையில் போகிறது. குரல் நடுங்கும் என்று பயமாக இருக்கிறது. ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: நடுங்கட்டும், முதல் இருபது வினாடிதான். அந்த இருபது வினாடிக்கு மட்டும் சுலபமான வரிகளாக எழுதிக்கொள்ளுங்கள்; ழகரம் ளகரம் அடுத்தடுத்து வரும் வாக்கியத்தை அங்கே வைக்காதீர்கள். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்காருங்கள். நேராக மைக்குக்குள் பேசாமல் சற்றுச் சாய்வாகப் பேசினால் பகரத்துக்குக் காற்று அடிக்காது. ரொம்ப நெருங்கினால் குரல் கனத்துக் குகைக்குள் இருந்து வருவது போல் ஆகிவிடும். அது கம்பீரம் என்று சிலர் நினைக்கிறார்கள்.

ஸ்கிரிப்டைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் பெரிய எழுத்தில் எடுங்கள், பின் அடிக்காதீர்கள். பக்கம் முடியும்போது வாக்கியமும் முடிய வேண்டும். முடித்த தாளைப் புரட்டாமல் ஓரமாக நகர்த்துங்கள், சரசரப்பு கேட்காது. கலைஞரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவருக்கே போன் போட்டு இன்றைக்கே கேட்டுவிடுங்கள். நிகழ்ச்சியின் பெயரை ஆரம்பத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை சொல்லுங்கள், பாதியில் திருப்பியவர்கள் இருப்பார்கள். முக்கியமாக, கடைசிக் காட்சி முடிந்து விளக்குப் போடும் வரை உட்கார்ந்திருங்கள். எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.